உலக உணவுப் பெட்டி வீட்டுக்கு வந்தால் எதை முதலில் திறப்பது?

மாதச் சந்தாவில் வெளிநாட்டு உணவு அனுப்பும் பெட்டிகள் இரண்டு வகை. ஒன்று தின்பண்டப் பெட்டி. யுனிவர்சல் யம்ஸ் போல மாதம் ஒரு நாடு என்று சிப்ஸும் பிஸ்கட்டும் மிட்டாயுமாக வரும். அது இரண்டு நாளில் காலியாகிவிடும், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. இன்னொன்று சமையலறைக்கான பெட்டி. ஒரு பாட்டில் ஆலிவ் எண்ணெய், ஸ்பெயினின் புகைமிளகாய்த்தூள் ஒரு சின்னத் தகர டப்பா, ஜப்பானிய மிசோ (நொதித்த சோயா விழுது), துனீசியாவின் ஹரிசா (மிளகாய் விழுது), இத்தாலிய பால்சமிக் வினிகர், ஒரு துண்டு சீஸ் என்று வரும். இந்தப் பதிவு இரண்டாவது வகைக்கு.

இந்தப் பெட்டியில் போட்ட காசு வீணாவதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. வந்த அன்றே ஆசையில் எல்லாவற்றையும் திறந்து, ஆளுக்கு ஒரு விரல் தொட்டு ருசி பார்த்துவிட்டு அலமாரியில் அடுக்கிவிடுகிறார்கள். மூடி திறந்த நேரத்திலிருந்து ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிக் கெடு ஓடத் தொடங்கும். சிலதற்கு ஐந்து நாள், சிலதற்கு இரண்டு மாதம், சிலதற்கு வருடக்கணக்கு. ஆறு பாட்டிலை ஒரே நாளில் திறந்தால் ஆறு கெடுவும் ஒன்றாக ஓடும். வாரத்துக்கு இரண்டுக்கு மேல் திறக்காதீர்கள். திறந்த தேதியைக் காகித டேப்பில் எழுதி மூடியில் ஒட்டுங்கள்.

பெட்டியைப் பிரித்தவுடன்

முதலில் எதையும் திறக்காமல் மொத்தத்தையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உடைசல், கசிவு இருந்தால் மாற்றுப் பொருள் கேட்க அதுதான் ஆதாரம். அடுத்து டப்பாக்களைப் பாருங்கள். தகர டப்பா உப்பியிருந்தாலோ, விளிம்பு மடிப்பில் நசுங்கியிருந்தாலோ தொடவே வேண்டாம். நடுவயிற்றில் லேசாக நசுங்கியிருந்தால் பரவாயில்லை. கண்ணாடி ஜாடியின் மூடி நடுவே உள்வாங்கியிருக்க வேண்டும். அழுத்தினால் 'டக்' என்று இறங்கி எழும்பினால் உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று பொருள்.

குளிர்ப் பொட்டலத்தோடு வரும் சீஸைத் தொட்டுப் பாருங்கள். பார்மிஜானோ போன்ற கெட்டிச் சீஸ் வெப்பத்தில் கொஞ்சம் எண்ணெய் வியர்த்திருந்தாலும் குளிர்ந்ததும் சரியாகிவிடும். பிரீ, மோத்ஸரெல்லா போன்ற மென்மையானவை வெதுவெதுப்பாக வந்தால் அவற்றைச் சாப்பிடாமல் புகார் கொடுங்கள்.

தேதியைப் படிப்பதில் பலர் ஏமாறுகிறார்கள். 04/07 என்று இருந்தால் அமெரிக்கப் பொட்டலத்தில் அது ஏப்ரல் 7, ஐரோப்பியப் பொட்டலத்தில் ஜூலை 4. ஜப்பானில் வருடம் முதலில் வரும், 26.03.05 என்பது 2026 மார்ச் 5. அதோடு, ஐரோப்பாவில் இரண்டு விதத் தேதிகள் உண்டு. 'இந்தத் தேதிக்கு முன் சுவை நன்றாக இருக்கும்' என்பது தரத்துக்கான தேதி. அது தாண்டியும் மூடிய பொருளை மோந்து, ருசித்துப் பார்த்துப் பயன்படுத்தலாம். 'இந்தத் தேதிக்குள் பயன்படுத்து' என்பது உடல்நலத்துக்கான தேதி. அது தாண்டினால் குப்பைக்குத்தான். ஜப்பானிலும் இதே பிரிவு உண்டு. முதலாவது ஷோமி கிகென், இரண்டாவது ஷோஹி கிகென்.

சைவர்கள் அவசியம் பார்க்க வேண்டியவை

இந்தியாவில் விற்பனைக்கு வரும் பொட்டலத்தில் பச்சைப் புள்ளியைப் பார்த்தே பழகியவர்கள் நாம். வெளிநாட்டிலிருந்து நேராக வரும் பொட்டலத்தில் அது இருக்காது. அசைவம் பெயரில் தெரியாத இடங்களில் எல்லாம் ஒளிந்திருக்கும்.

பார்மிஜானோ ரெஜ்ஜானோ சைவம் கிடையாது. கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் கொண்டு பாலைத் திரிக்க வேண்டும் என்பது அதன் விதியிலேயே இருக்கிறது. அந்தச் சீஸ் சேர்வதால் ஜெனோவா பெஸ்தோ என்னும் துளசி வகை இலை விழுதும் அப்படித்தான். தாய்லாந்தின் கறி விழுதுகளில் பெரும்பாலும் இறால் விழுது இருக்கும். வூஸ்டர்ஷயர் சாஸில் நெத்திலி வகை மீன். 'தாஷி சேர்த்தது' என்று எழுதிய மிசோவில் பொதுவாகக் காய்ந்த சூரை மீனின் சாறு. மெல்லும் மிட்டாய்களில் ஜெலட்டின். சிவப்பு நிறத்துக்கு ஈ120 என்று எழுதியிருந்தால் அது பூச்சியிலிருந்து எடுத்த சாயம். பார்மிஜானோ மாதிரியே வேண்டும் என்றால், 'தாவர ரென்னட்' அல்லது 'நுண்ணுயிர் ரென்னட்' என்று அச்சிட்ட வேறு கெட்டிச் சீஸை அனுப்பச் சொல்லலாம். இந்தக் குறிப்பைச் சந்தா எடுக்கும்போதே எழுதிவிடுங்கள்.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஐரோப்பிய லேபிள் எளிது. 14 ஒவ்வாமைப் பொருள்களைத் தடித்த எழுத்திலோ வேறு விதமாகவோ தனித்துக் காட்ட வேண்டும் என்று அங்கே சட்டம். அமெரிக்காவில் எள் இந்தப் பட்டியலில் சேர்ந்தது 2023 ஜனவரியில்தான். பழைய சரக்கு வந்தால் எள்ளுக்கென்று தனி எச்சரிக்கை இருக்காது, பொருள் பட்டியல் முழுவதையும் படிக்க வேண்டும்.

ஆலிவ் எண்ணெய்

பெட்டியில் அதிகம் வீணாவது இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாக.

'எக்ஸ்ட்ரா வெர்ஜின்' என்றால் கட்டற்ற அமிலம் 0.8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், சுவைக் குழுவின் சோதனையில் ஒரு குறையும் இருக்கக்கூடாது. ஆனால் அந்தத் தரம் பாட்டிலில் அடைத்த நாளுக்குரியது. உங்கள் கையில் வரும்போது எப்படி இருக்கிறது என்பதைச் சொல்வது அறுவடைத் தேதி. மத்தியதரைக் கடல் நாடுகளில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை காய் பறித்து உடனே ஆட்டுகிறார்கள். லேபிளில் அறுவடை வருடம் போட்டிருக்கும் எண்ணெய்க்கு முன்னுரிமை கொடுங்கள். ஒன்றரை வருடம் தாண்டியது என்றால் 'அரிய வகை' என்று துண்டுச்சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் அது வயதான எண்ணெய்தான். பச்சை நிறத்தை வைத்துத் தரம் சொல்ல முடியாது. நிறம் கண்ணை ஏமாற்றும் என்பதால்தான் தொழில்முறைச் சுவைஞர்கள் நீலக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிச் சோதிக்கிறார்கள்.

வீட்டில் சோதிக்க ஒரு தேக்கரண்டி போதும். சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, ஒரு கையில் ஏந்தி இன்னொரு கையால் மூடி ஒரு நிமிடம் வெதுவெதுப்பாக்குங்கள். மோந்தால் அரைத்த இலை, பச்சைத் தக்காளிக் காம்பு, புல் போன்ற வாசனை வரவேண்டும். விழுங்கினால் தொண்டையின் பின்பக்கம் மிளகு போலக் கரகரக்கும், இருமல்கூட வரும். பலர் இதைக் கெட்ட எண்ணெய் என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். அது ஒலியோகாந்தல் என்னும் பொருளின் வேலை, எண்ணெய் புதிது என்பதன் அடையாளம். பழைய முறுக்கு டப்பாவைத் திறந்தால் வருமே அந்தச் சிக்கு வாடை, அது வந்தால்தான் எண்ணெய் கெட்டது.

திறந்த 500 மில்லி பாட்டிலை ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முடியுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. வெளிச்சம், வெப்பம், காற்று மூன்றும் அதைக் கெடுக்கும். இருட்டான கீழ் அலமாரியே போதும். கோடையில் குளிர்பெட்டியில் வைத்து உறைந்தாலும் கெடாது, வெளியே வைத்தால் திரும்பத் தெளியும். அடிக்கடி வைத்து வைத்து எடுப்பதைத் தவிர்த்தால் போதும்.

இதில் சமைத்தால் நஞ்சாகும் என்பது தவறு. வெங்காயம் வதக்கலாம், முட்டை பொரிக்கலாம். ஆனால் கடுகு வெடிக்கும் சூட்டில் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வாசனை எல்லாம் புகையோடு போய்விடும். தாளிப்புக்கு நம் எண்ணெயே நல்லது. இதைச் சூடான பருப்பின் மேலும், வெட்டிய தக்காளியின் மேலும், சுட்ட ரொட்டியின் மேலும் கடைசியில் பச்சையாக ஊற்றுங்கள். ஒரு தட்டுக்கு ஒரு தேக்கரண்டி தாராளம்.

பால்சமிக் என்ற பெயரில் இரண்டு பொருள்கள்

மொதெனா ஊரின் பெயரோடு வருவதில் ஒன்று 'திரதிட்ஸியொனாலே', அதாவது பாரம்பரிய முறையில் செய்தது. வேகவைத்த திராட்சைச் சாறு மட்டுமே மூலப்பொருள். மரப்பீப்பாய்களில் குறைந்தது 12 வருடம் இருக்க வேண்டும், 'எக்ஸ்ட்ராவெக்கியோ' என்றால் 25 வருடம். எல்லாத் தயாரிப்பாளரும் ஒரே வடிவ 100 மில்லி பாட்டிலில்தான் அடைக்க வேண்டும். கீழே உருண்டையான அந்தப் பாட்டிலை வடிவமைத்தவர் கார் வடிவமைப்பாளர் ஜோர்ஜெத்தோ ஜுஜாரோ. சாதாரண மாதச் சந்தாவில் இது வராது, விலை கட்டுப்படியாகாது.

பெட்டியில் வருவது 'ஐ.ஜி.பி.' (ஐரோப்பியப் புவிசார் குறியீடு) முத்திரை உள்ள மற்றது. திராட்சைச் சாறும் ஒயின் வினிகரும் கலந்தது, குறைந்தது 60 நாள் வைத்திருப்பார்கள். நிறத்துக்கு 2 சதவீதம் வரை கேரமல் சேர்க்க அனுமதி உண்டு. இது ஏமாற்று வேலை கிடையாது, நல்ல பொருள்தான். பொருள் பட்டியலில் முதலில் எது இருக்கிறது என்று பாருங்கள். திராட்சைச் சாறு முதலில் இருந்தால் இனிப்பும் கெட்டியும் அதிகம், சீஸுக்கும் பழத்துக்கும் ஏற்றது. ஒயின் வினிகர் முதலில் இருந்தால் புளிப்பு தூக்கலாக இருக்கும், சாலட்டுக்குப் போடலாம்.

புளிப்பு அதிகமான பாட்டில் வந்தால் வற்ற வையுங்கள். அகன்ற வாணலியில் 100 மில்லி ஊற்றி, சிறு தீயில் 40 மில்லி ஆகும் வரை சுண்டவிட வேண்டும். எட்டு முதல் பத்து நிமிடம் ஆகும். சன்னலைத் திறந்து வையுங்கள், ஆவி கண்ணை எரிக்கும். கரண்டியின் முதுகில் மெல்லியதாகப் படிந்ததும் இறக்கிவிடுங்கள். சூட்டில் தண்ணியாகத் தெரிந்தாலும் ஆறியதும் கெட்டியாகும். இன்னும் கெட்டியாகட்டும் என்று காத்திருந்தால் பாகு முற்றி மிட்டாய் ஆகிவிடும், கசப்பும் ஏறும். வாங்கிய பால்சமிக்குக்குக் குளிர்பெட்டி தேவையில்லை. திறந்த பின்னும் வருடக்கணக்கில் நிற்கும், அதனால் பெட்டியில் இதற்கு அவசரமே கிடையாது.

புகைமிளகாய்த்தூள்

ஸ்பெயினின் மேற்கே எக்ஸ்த்ரெமதூரா பகுதியில் லா வேரா என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. அறுவடைக் காலத்தில் அங்கே மழை பெய்யும், வெயிலில் காயவைக்க வழியில்லை. ஓக் விறகு மூட்டி, அந்தப் புகையில் 10 முதல் 15 நாள் மிளகாயைக் காயவைத்துப் பிறகு அரைக்கிறார்கள். அந்தத் தூள்தான் பிமெந்தோன் தே லா வேரா. 'துல்சே' என்றால் காரமே இல்லாதது, 'அக்ரிதுல்சே' நடுத்தரம், 'பிகாந்தே' காரமானது. ஹங்கேரியின் பப்ரிகாவும் சிவப்பாகத்தான் இருக்கும், ஆனால் அதில் புகை இருக்காது. ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட முடியாது.

நம் மிளகாய்த்தூளைப் போடும் பழக்கத்தில் இதையும் காய்ந்த எண்ணெயில் போடுவார்கள். இனிப்பு மிளகாயில் சர்க்கரை அதிகம், நொடியில் கருகிக் கசந்துவிடும். சரியான முறை: இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயைச் சூடாக்கி, அடுப்பை அணைத்து, அரை நிமிடம் கழித்து ஒரு தேக்கரண்டி தூளைப் போட்டுப் பத்து நொடி கலக்குங்கள். உடனே தண்ணீரோ, தக்காளியோ, வெந்த உருளைக்கிழங்கோ சேர்த்துவிட வேண்டும். அரை கிலோ உருளைக்கிழங்குக்கு இந்த அளவு சரி. பட்டை, கிராம்பு தூக்கலான குழம்பில் போட்டால் புகைவாசனை காணாமல் போகும். உருளை, முட்டை, கொண்டைக்கடலை, பட்டர் பீன்ஸ் போன்ற சாதுவான பொருள்களில்தான் இது எடுபடும். தகர டப்பாவிலேயே மூடி வையுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் போனால் நிறம் மட்டும் மிஞ்சும்.

ஹரிசாவும் மிசோவும்

துனீசிய ஹரிசாவை 2022-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. காய்ந்த மிளகாய், பூண்டு, கொத்தமல்லி விதை, உப்பு, ஆலிவ் எண்ணெய், அதோடு சீரகத்துக்கு உறவான கேரவே விதை. மிளகாயும் பூண்டும் நமக்குப் பழக்கம், இதைத் தனியாகக் காட்டுவது கேரவேதான். ஊறுகாய்க்கு உள்ள ஒழுக்கம் இதற்கும் வேண்டும்: ஈரக் கரண்டி கூடாது. ஒவ்வொரு முறை எடுத்த பிறகும் மேற்பரப்பைச் சமன் செய்து, விழுது தெரியாதபடி ஆலிவ் எண்ணெய் ஊற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். மூன்று நான்கு வாரம் நிற்கும். தகர டப்பாவில் வந்தால் திறந்ததும் கண்ணாடிக்கு மாற்றிவிடுங்கள். நான்கு மேசைக்கரண்டி கெட்டித் தயிருக்கு ஒரு தேக்கரண்டி ஹரிசா கலந்தால் வறுத்த காய்கறிக்கு நல்ல தொட்டுக்கை.

மிசோவில் அளவுதான் எல்லாம். வெளிர் மிசோவில் உப்பு 5, 6 சதவீதம். சிவப்பு மிசோவில் 12, 13 சதவீதம் வரை போகும். இரண்டுக்கும் ஒரே அளவு போட்டால் ஒன்று சப்பென்று இருக்கும், இன்னொன்றை வாயில் வைக்க முடியாது. ஒரு கிண்ணச் சூப்புக்கு, 200 மில்லி சாற்றில், சிவப்பு என்றால் இரண்டரைத் தேக்கரண்டியில் தொடங்குங்கள், வெளிர் என்றால் ஒரு மேசைக்கரண்டி தாண்டலாம். வேறு உப்பு வேண்டாம்.

மீன் இல்லாத சாறு இப்படி: அரை லிட்டர் தண்ணீரில் 5 கிராம் 'கொம்பு' என்னும் காய்ந்த கடற்பாசியை அரை மணி நேரம் ஊறவைத்து, சிறு தீயில் ஏற்றி, பாத்திரத்தின் அடியில் குமிழி எழும்பத் தொடங்கியதும் கொம்பை எடுத்துவிடுங்கள். கொதிக்கவிட்டால் வழவழப்பும் கசப்பும் இறங்கும். அந்தச் சாற்றில் டோஃபு, காளான் வேகவைத்து, அடுப்பை அணைத்த பிறகே மிசோவை ஒரு கரண்டிச் சாற்றில் கரைத்துச் சேர்க்க வேண்டும். மிசோ போட்டுக் கொதிக்கவைப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. வாசனை பறந்துவிடும், சாறும் திரிதிரியாகும்.

மிசோப் பொட்டலம் கொஞ்சம் உப்பி வந்தால், தகர டப்பாவுக்குச் சொன்ன விதி இங்கே பொருந்தாது. நொதிப்பு நிறுத்தப்படாத மிசோ வாயு விடும், சில பைகளில் அதற்கென்றே சின்ன வால்வு இருக்கும். நாள்பட நிறம் கருப்பதும் இயல்பு. காற்றுப் படாமல் மேலே ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டி மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். உறைபெட்டியிலும் வைக்கலாம், உப்பினால் கல்லாக உறையாது, கரண்டியால் எடுக்க வரும்.

சீஸ்

பார்மிஜானோவின் ஒரு சக்கரம் ஏறக்குறைய 40 கிலோ, அதற்கு 550 லிட்டர் அளவுக்குப் பால் வேண்டும். குறைந்தது 12 மாதம் முற்றவைக்கிறார்கள். உங்கள் துண்டின் மேல்தோலில் புள்ளிப் புள்ளியாகப் பெயர் பொறித்திருந்தால் அசல். உள்ளே தெரியும் வெள்ளைப் புள்ளிகளைப் பூஞ்சை என்று சுரண்டி எறியாதீர்கள். அவை டைரோசின் படிகங்கள், நன்றாக முற்றியதன் அடையாளம், நறநறவென்று இருக்கும்.

பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றினால் வியர்த்துப் பூசணம் பிடிக்கும். பேக்கிங் காகிதத்தில் சுற்றி, மூடிய டப்பாவில் போட்டு வையுங்கள். கெட்டிச் சீஸில் ஓரிடத்தில் பூசணம் வந்தால் சுற்றிலும் இரண்டரை சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாம். மென்மையான சீஸில் வந்தால் முழுவதையும் எறிய வேண்டும். துருவி வைக்காதீர்கள், அன்றன்றைக்குத் துருவுங்கள். மிஞ்சிய தோலைச் சுரண்டிக் கழுவி, பீன்ஸ் சூப்பு கொதிக்கும்போது 40 நிமிடம் போட்டு எடுத்தால் உப்பும் ஆழமும் சேரும்.

மற்றவை சுருக்கமாக

மேப்பிள் பாகு: ஒரு லிட்டர் பாகுக்கு ஏறக்குறைய 40 லிட்டர் மரச்சாறு சுண்ட வேண்டும். தேன் போல வெளியே வைத்தால் பூசணம் வரும், திறந்ததும் குளிர்பெட்டிக்கு. டிஜோன் கடுகு (பிரெஞ்சுக் கடுகு விழுது): சூட்டில் காட்டம் போய்விடும், அடுப்பை அணைத்த பிறகு சேர்க்கவும். சாக்லேட்டில் வெள்ளைப் படலம்: கொக்கோ வெண்ணெய் வழியில் இளகித் திரும்ப உறைந்தது, சாப்பிடலாம், கேக்குக்கு உருக்கிக்கொள்ளலாம். டிரஃபிள் (மண்ணுக்கடியில் விளையும் ஒரு காளான்) எண்ணெய்: பெரும்பாலானவற்றில் வாசனை வருவது 2,4-டைதயாபென்டேன் என்ற செயற்கைப் பொருளிலிருந்து. பொருள் பட்டியலில் 'நறுமணம்' என்ற சொல் இருந்தால் அதற்காக ஒரு பெட்டியை வாங்காதீர்கள்.

சந்தா கட்டுவதற்கு முன்

படத்தில் பாட்டில் பெரிதாகத் தெரியும். எடையைக் கேளுங்கள். 30 மில்லி மாதிரி பாட்டில்கள் ஐந்து வருவதைவிட 250 மில்லி ஒன்று வருவது மேல், ஏனென்றால் 30 மில்லியில் ஒரு சமையல்கூடச் சரியாக வராது. ஊறவைத்த பொருள்களில் மொத்த எடையைப் பார்க்காமல், நீர் வடித்த எடையைப் பார்த்து 100 கிராமுக்கு என்ன விலை என்று கணக்கிடுங்கள். பெட்டியோடு வரும் சீட்டில் தயாரிப்பாளர் பெயர், ஊர், அறுவடை வருடம் மூன்றும் இருக்கிறதா என்று பழைய பெட்டிகளின் படத்தில் பாருங்கள். இவை இல்லாமல் புகழ்ச்சி மட்டும் இருந்தால் அடுத்த கடையைப் பாருங்கள்.

எங்கிருந்து அனுப்புகிறார்கள் என்பதும் முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருப்பவர்கள், வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் பொதுவாகத் தபாலில் பெற முடியாது, சுங்கத்திலேயே அழித்துவிடுவார்கள். அவர்கள் ஒன்றியத்துக்குள்ளிருந்தே அனுப்பும் சேவையை எடுக்க வேண்டும். சென்னை, மதுரை போன்ற ஊர்களில் இருப்பவர்கள் ஏப்ரல் முதல் ஜூன் வரை சாக்லேட்டும் சீஸும் இல்லாத பெட்டியைக் கேளுங்கள், இல்லையென்றால் அந்த மாதங்களை விட்டுவிடுங்கள். அதற்காகவே, 'இந்த மாதம் வேண்டாம்' என்று நிறுத்திவைக்கும் வசதி உள்ள சந்தாவாகப் பார்த்து, முதலில் மூன்று மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். சந்தாவைத் தானாகப் புதுப்பிக்கும் கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

திறக்கும் வரிசை இப்படி அமையும்: முதல் வாரம் மென்மையான சீஸ், இரண்டாம் வாரம் பெஸ்தோ, ஹரிசா போன்ற விழுதுகள், மூன்றாம் வாரம் ஆலிவ் எண்ணெயும் புகைமிளகாய்த்தூளும், அதன் பிறகு மிசோ, கடுகு, மேப்பிள் பாகு. பால்சமிக்கும் மீன் டப்பாவும் எப்போது வேண்டுமானாலும். அடுத்த பெட்டி கிளம்பும் தேதிக்கு ஒரு வாரம் முன்பு குளிர்பெட்டியைத் திறந்து எண்ணுங்கள். டேப் ஒட்டிய ஜாடி மூன்றுக்கு மேல் பாதியில் நின்றால் அந்த மாதத்தை நிறுத்திவையுங்கள்.